கொம்பு எருவும் நிலவும் கரிசல் மண்ணும்

மாணவர்களே! அறுவடைக் காலத்தில் பெரம்பலூர்ப் பக்கத்துச் சாலைகளில் மக்காச்சோளம் ஏற்றிய லாரிகள் நாமக்கல்லை நோக்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். கோழித் தீவனத்துக்காக அவை போகின்றன. ஒரு லாரியில் பத்து டன் மக்காச்சோளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதனுடன் வேறு என்ன போகிறது என்று எப்போதாவது கணக்கிட்டுப் பார்த்ததுண்டா?

மக்காச்சோளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு புரதம். புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன். உழவர் மொழியில் சொன்னால், தழைச்சத்து. ஆகவே பத்து டன்னில் 900 கிலோ புரதம். அதற்குள் 144 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு. இப்போது விற்கும் 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ வரும். வகுத்துப் பாருங்கள். அந்த லாரியில் மக்காச்சோளத்துக்குள் ஒளிந்தபடி ஏழு மூட்டை யூரியாவின் சத்து ஊரை விட்டுப் போகிறது!

போனது மண்ணுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு மண் ஏழையாகும். உரக்கடையிலிருந்து கொண்டுவந்தால் ஏழு மூட்டை. ஒரு மாட்டு வண்டிக்குள் அடங்கிவிடும். தொழுஉரமாகக் கொண்டுவந்தால்? ஒரு டன் தொழுஉரத்தில் ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்துதான் இருக்கும். எனவே 29 டன் வேண்டும். ஒரு லாரி போனால் மூன்று லாரி எரு திரும்பி வரவேண்டும் என்று பொருள். இரசாயன உரம் இவ்வளவு விரைவாக நம் ஊர்களைப் பிடித்துக்கொண்டது ஏன் என்பதற்கு இந்த எடைக் கணக்கே பெருமளவு விடை சொல்லிவிடும்.

அந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2017 ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்கள் சிலர் நச்சேறி உயிரிழந்தார்கள். மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் அதே ஆண்டு இவ்வாறு இறந்தோர் இருபதுக்கும் மேல். மறு ஆண்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்கா வழியாகப் பரவிய படைப்புழு இந்தியாவில் முதலில் கர்நாடகத்தில் காணப்பட்டது. சில மாதங்களிலேயே அது இங்குள்ள மக்காச்சோளக் குருத்துகளுக்குள் புகுந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் நின்றால் புழுவுக்கு அது விரித்து வைத்த பந்தி அல்லவா?

எனவே "உரமும் மருந்தும் இல்லாமல் விளைவிக்க முடியாதா?" என்ற கேள்வி உங்கள் வீட்டுத் திண்ணையிலும் எழுந்திருக்கும். அதற்கு உலகில் சொல்லப்படும் விடைகளில் ஒன்று 'பயோடைனமிக்' எனப்படும் உயிராற்றல் வேளாண்மை. இது வியப்பான ஒரு கலவை. இதில் ஒரு பாதி மண்ணைப் பற்றியது. மறுபாதி வானத்தைப் பற்றியது. நான் இயற்பியல் கற்பிப்பவன். பயிர்த்தொழிலில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆனால் எடை, விசை, ஆற்றல் ஆகியவற்றின் கணக்குகள் எந்தத் தொழிலுக்கும் பொதுவானவை. அவற்றைக் கொண்டு இந்த இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்ப்போம்.

மாட்டுக் கொம்பில் எரு

அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் பிறந்த ருடால்ஃப் ஸ்டைனர் (1861–1925) ஒரு தத்துவப் போதகர். மண்ணின் வளம் குன்றுகிறது என்று கவலைப்பட்ட உழவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் 1924 ஜூன் மாதத்தில் கோபர்விட்ஸ் என்னும் ஊரில் எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அன்று ஜெர்மனியில் இருந்த அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. ஒரு பண்ணை என்பது ஓர் உயிரைப் போன்றது. பயிர், தீவனம், மாடு, எரு, மீண்டும் பயிர் என்று அதன் சத்துகள் அதற்குள்ளேயே சுழல வேண்டும் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. நம் பாட்டனார் எவரும் இதை மறுக்கமாட்டார்.

அடுத்ததாக அவர் சொன்னவைதாம் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கின்றன. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்கால மாதங்களில் மண்ணுக்குள் புதைத்து வைக்க வேண்டும். பிறகு தோண்டி எடுத்தால் அது கருத்து, மண் மணம் வீசும் மட்காக மாறியிருக்கும். இதற்கு '500' என்று எண் பெயர். ஓர் ஏக்கருக்கு 25 அல்லது 30 கிராம்தான் தேவை. அதைப் பதின்மூன்று, பதினைந்து லிட்டர் நீரில் இட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுற்றி நீர்ச்சுழி உண்டானதும் அதைக் கலைத்து மறுபக்கமாகச் சுற்ற வேண்டும். பின்னர் மாலை வேளையில் மண்ணின் மேல் தெளிக்க வேண்டும். '501' என்பது குவார்ட்ஸ் கல்லின் பொடியைக் கொம்பில் அடைத்துச் செய்வது. ஏக்கருக்கு ஒரு கிராம் அளவே போதும். 502 முதல் 507 வரையுள்ளவை மூலிகைகளால் செய்து மட்குக் குவியலில் இடுபவை. அவற்றுள் ஒன்று ஆண் மானின் சிறுநீர்ப்பையில் ஒரு செடியின் பூக்களை அடைத்துச் செய்யப்படுகிறது. வான வெளியின் ஆற்றல்களை இவை மண்ணுக்கு ஈர்த்துத் தரும் என்பது ஸ்டைனரின் கூற்று.

பின்னாளில் ஜெர்மனியின் மரியா தூன் (1922–2012) என்ற பெண்மணி, நிலவு எந்த இராசியில் நிற்கிறதோ அதைப் பொறுத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று வகுத்து விதைப்பு நாட்காட்டி வெளியிட்டார். இந்தியாவில் இம்முறையைப் பரப்புவதில் 1990களில் நியூசிலாந்துக்காரரான பீட்டர் பிராக்டர் பெரும்பங்கு கொண்டார். தமிழ்நாட்டில் கொடைக்கானல் பகுதியில் இதைக் கைக்கொண்ட பண்ணைகள் உண்டு.

முதலில் அந்த 30 கிராமை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 25 குவிண்டால் மக்காச்சோளம் விளைந்தால் தானியத்தோடு மட்டும் 36 கிலோ தழைச்சத்து வெளியேறுகிறது. 30 கிராம் கொம்பு எருவில் இருக்கக்கூடிய தழைச்சத்து ஒரு கிராம் கூட இராது. பொருள் அழியாது, புதிதாக ஆகாது என்று வேதியியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த விதி கொம்பு எருவுக்கு மட்டும் விலக்குத் தராது. ஆகவே இது உரமாக வேலை செய்ய இயலாது. இதைப் பின்பற்றுவோரும் அப்படிச் சொல்வதில்லை.

அதில் உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்யலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தாராளமாகவே கணக்கிடுவோம். ஒரு கிராம் கொம்பு எருவில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் என்று கொண்டால் 30 கிராமில் முப்பதாயிரம் கோடி. ஓர் ஏக்கரின் மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்தெடுத்து எடை போட்டால் ஏறத்தாழ 850 டன் இருக்கும். மண்ணில் கிராமுக்குப் பத்துக் கோடி என்று குறைத்தே மதிப்பிட்டாலும், புதிதாக வரும் ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவை ஏறக்குறைய மூன்று இலட்சம். மூன்று இலட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவர் வந்து இறங்குவதைப் போன்றது இது.

சிறிய அளவு என்பதாலேயே பயன் இல்லை என்று அடித்துச் சொல்லிவிடவும் கூடாது. உளுந்து விதையில் கலக்கும் ரைசோபியம் ஒரு சிறு பொட்டலம்தான். ஆனால் அது வேலை செய்கிறது. காரணம் தெளிவானது: அந்தக் குறிப்பிட்ட பாக்டீரியா உளுந்தின் வேர் முடிச்சுக்குள் புகுந்து, பயிரிடமிருந்து உணவு பெற்றுப் பல்கிப் பெருகுகிறது. கொம்பு எருவுக்கு இப்படிப்பட்ட வழி எதுவும் காட்டப்படவில்லை. எனவே மீதி இருக்கும் ஒரே வழி, வயலில் சோதித்துப் பார்ப்பது. அதற்குப் பிறகு வருவோம்.

நிலவு பயிரை இழுக்கிறதா?

"நிலவு கடலையே பொங்க வைக்கிறது, செடிக்குள் இருக்கும் நீரை ஏற்றாதா?" என்று கேட்போர் பலர். இதற்கு உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள நியூட்டனின் ஈர்ப்பு விதியே போதும்.

நிலவு பூமியை இழுக்கிறது. பூமியின் மேலுள்ள யாவற்றையும் இழுக்கிறது. எல்லாம் சேர்ந்தே இழுபடுவதால் அந்த இழுப்பு நமக்குத் தெரிவதில்லை. தெரிவது, வேறுபாடு மட்டுமே. பூமியின் நிலவை நோக்கிய பக்கம் சற்றுக் கூடுதலாகவும், நடுப்பகுதி அதைவிடக் குறைவாகவும், எதிர்ப்பக்கம் இன்னும் குறைவாகவும் இழுக்கப்படுகின்றன. இந்த வேறுபாடே ஓதத்தின் காரணம். இது தூரத்தைப் பொறுத்து வளர்வது. பூமியின் விட்டம் 12,700 கிலோமீட்டருக்கும் மேல். அதனால்தான் கடலில் ஓதம் தெரிகிறது. கிணற்றில் தெரிகிறதா? தம்ளரில் தெரிகிறதா?

கணக்கிட்டால், பூமியின் பரப்பில் இந்த வேறுபாடு, பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ தொண்ணூறு இலட்சத்தில் ஒரு பங்கு. 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவருக்கு அது ஐந்தரை மில்லிகிராம் எடை மாற்றம். ஓரிரு கொசுக்கள் வந்து உட்கார்ந்ததற்குச் சமம். இதுவும் பூமியின் மையத்துடன் ஒப்பிட்ட வேறுபாடுதான். ஒரு மீட்டர் உயரச் செடியின் அடிக்கும் நுனிக்கும் இடையே நிலவு உண்டாக்கும் வேறுபாட்டைக் கணக்கிட்டால், அது பூமியின் ஈர்ப்பில் ஐம்பது இலட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக வருகிறது. களை எடுப்பதற்காகச் செடியின் அருகில் வந்து நிற்கும் உங்கள் அம்மாவின் உடல் அந்தச் செடியில் உண்டாக்கும் ஈர்ப்பு வேறுபாடு இதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது! நிலவின் இழுப்பால் முள்ளங்கி தடிக்குமானால், களை எடுப்பவர் நின்ற இடமெல்லாம் முள்ளங்கி பூசணிக்காய் அளவு பெருக்க வேண்டும்.

நிலவின் ஒளியைச் சொல்வோரும் உண்டு. நண்பகல் வெயிலின் ஒளி, முழுநிலவின் ஒளியைப் போல் நான்கு இலட்சம் மடங்கு. ஒளிச்சேர்க்கைக்கு நிலவொளி போதாது. ஆனால் பூச்சிகளின் கதை வேறு. முழுநிலவு இரவுகளில் விளக்குப் பொறியில் விழும் அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கை குறைவதைப் பூச்சியியலார் நெடுங்காலமாக அறிவார்கள். ஆகவே நிலவுக்கும் வயலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தத் தொடர்பு, எந்த வழியாக என்று கேட்கச் சொல்கிறேன். ஸ்பெயினின் வாலென்சியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இயற்பியல், தாவரவியல் நூல்களையும் ஆய்வுகளையும் அலசி 2020 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிலவின் நிலைக்கும் பயிரின் வளர்ச்சிக்கும் நம்பத்தகுந்த தொடர்பு எதுவும் தென்படவில்லை என்பதே அதன் முடிவு.

நம் பஞ்சாங்கத்திலும் இத்தகைய வழக்கம் உண்டு. இருபத்தேழு நட்சத்திரங்களை மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு என ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, கிழங்கும் வேரும் கீழ்நோக்கு நாளில், மரமும் நெல்லும் மேல்நோக்கு நாளில் என்பார்கள். இதனோடு 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பெரியோர் வாக்குதான். ஆனால் ஆடிப் பட்டத்துக்குப் பின்னால் பருவக்காற்று நிற்கிறது. மானாவாரிக் கரிசலில் ஆடி, ஆவணி மழையில் முளைத்த பயிர், வடகிழக்குப் பருவமழையைப் பிடித்துக்கொண்டு விளைகிறது. பட்டம் தவறினால் பயிர் தவறுவதை எவரும் காணலாம். பழமை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டாம். அதே காரணத்துக்காகக் கொள்ளவும் வேண்டாம்.

நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு வயல்

அப்படியானால் உயிராற்றல் வேளாண்மை வெறும் நம்பிக்கைதானா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மண்ணைப் பற்றிய பாதியை இன்னும் பார்க்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே தெர்வில் என்னும் ஊரில் 1978 இல் ஓர் ஆய்வு தொடங்கியது. உயிராற்றல் முறை, சாதாரண இயற்கை முறை, இரசாயன முறை ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் பக்கம் பக்கமாகப் பாத்தி பிரித்துப் பயிரிட்டு வருகிறார்கள். இருபத்தொரு ஆண்டுகளின் முடிவு 2002 இல் வெளியாயிற்று. இயற்கை முறைகள் இரண்டிலும் விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைவு. ஆனால் உரத்துக்கும் ஆற்றலுக்கும் ஆன செலவு 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவு. பூச்சிமருந்து 97 விழுக்காடு குறைவு. எல்லாப் பயிரும் ஒன்றுபோல் இழக்கவில்லை. கோதுமை இரசாயன வயலில் விளைந்ததில் பத்தில் ஒன்பது பங்கு தந்தது. உருளைக்கிழங்கோ மூன்றில் இரண்டு பங்கைத் தொடவே திணறியது.

மண்ணைப் பார்த்தால் செய்தி வேறு. மண்புழுக்கள் 1.3 முதல் 3.2 மடங்கு வரை அதிகம். மண்கட்டிகள் நீரில் கரைந்து சிதையாமல் நிற்கும் உறுதி 10 முதல் 60 விழுக்காடு அதிகம். கோடை மழை ஒன்று கொட்டினால் வண்டலாக ஓடிப்போகும் மண்ணுக்கும், நீரை உறிஞ்சிக்கொண்டு இருந்த இடத்தில் நிற்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த நன்மைகளைத் தந்தது கொம்பு எருவா, மட்கு எருவா? இதைப் பிரித்தறிய, மற்றெல்லாம் ஒன்றாக இருக்க, மருந்துக் கலவையை மட்டும் ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் விட வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவ்வாறே செய்தார்கள். 2000 இல் வெளியான முடிவின்படி, மட்கு இட்ட மண் இரசாயன உரமிட்ட மண்ணைவிட உயிர்த்துடிப்புடன் இருந்தது. உயிராற்றல் கலவைகள் சேர்த்த மண்ணுக்கும் சேர்க்காத மண்ணுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நியாயத்துக்காக ஒன்றையும் சொல்ல வேண்டும்: அதே குழுவினர் மட்குக் குவியலை ஆராய்ந்தபோது, கலவை சேர்த்த குவியல் சராசரியாக 3.4 டிகிரி அதிக வெப்பத்துடன் இருந்தது. குவியலில் தெரிந்த அந்த வேறுபாடு வயலில் தெரியவில்லை.

சுவிட்சர்லாந்தின் குளிர்ந்த மண்ணில் நடந்தது நம் கரிசலுக்குப் பொருந்துமா? இதே கேள்வியுடன் மத்தியப் பிரதேசத்தின் கர்கோன் மாவட்டத்தில் 2007 இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கும் கரிசல் மண், அங்கும் பருத்தி. பருத்தி, சோயா மொச்சை, கோதுமை என்ற சுழற்சியை உயிராற்றல் முறை, இயற்கை முறை, இரசாயன முறை, பி.டி. பருத்தியுடன் கூடிய இரசாயன முறை ஆகிய நான்கிலும் ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் இரசாயன வயல்கள் பருத்தியில் 29 விழுக்காடும் கோதுமையில் 27 விழுக்காடும் அதிகம் தந்தன. மிச்சப்பட்ட பணமும் 29 விழுக்காடு அதிகம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் சமமாயிற்று. செலவு குறைந்ததால் இயற்கை வயல்களில் மிச்சம் 25 விழுக்காடு அதிகமாயிற்று.

இதைப் படித்து உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். இரண்டாம் சுற்றில் சமமானதற்குக் காரணம், இரசாயன வயல்களின் விளைச்சல் இறங்கியதே. என் கண்ணில் முக்கியமாகப் படுவது வேறொரு எண். சோயா மொச்சையில் முதல் சுற்றில் இயற்கை வயல்களின் குறைவு வெறும் ஒரு விழுக்காடு. அடுத்த சுற்றில் 11 விழுக்காடு. மற்ற பயிர்கள் திணறிய முதல் ஆண்டுகளிலேயே சோயா மட்டும் எப்படித் தாக்குப் பிடித்தது?

காற்றில் தொங்கும் உரக்கிடங்கு

காற்றழுத்தம் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மேலும் ஏறத்தாழ பத்து டன் காற்று நிற்கிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். ஓர் ஏக்கருக்கு மேலே முப்பதாயிரம் டன் நைட்ரஜன்! ஆனால் பயிர் அதைத் தொட முடியாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டுள்ளன. அந்தக் கட்டை அவிழ்க்கும் வழியை ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹேபர் 1909 இல் ஆய்வகத்தில் காட்டினார். கார்ல் பாஷ் 1913 இல் அதை ஆலையாக்கினார். நானூறு, ஐந்நூறு டிகிரி வெப்பமும் இருநூறு வளிமண்டல அழுத்தமும் அதற்குத் தேவை. எரிவாயுவையோ நிலக்கரியையோ எரிக்காமல் யூரியா இல்லை.

அதே வேலையை உளுந்து, துவரை, கடலை, சோயா ஆகியவற்றின் வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் சாதாரண வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் செய்கிறது. எரிபொருள், இலை வெயிலில் காய்ச்சித் தரும் சர்க்கரை. சோயா தாக்குப் பிடித்த மருமம் இதுவே. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த எடைக் கணக்கில், வெளியிலிருந்து வண்டி கட்டாமல் வரவு வைக்கக்கூடிய ஒரே பெரிய இனமும் இதுவே.

இனி நம் ஊர் மண்ணுக்கு வருவோம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. காரை ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட்டு ஓடுகளும் அரியலூரின் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றவை. அந்தக் கடலின் மிச்சமான சுண்ணாம்பு நம் மண்ணில் மிகுதி. இத்தகைய காரத்தன்மையுள்ள மண்ணில் நாம் இடும் மணிச்சத்து, கால்சியத்துடன் சேர்ந்து கரையாத பொருளாகி முடங்கிவிடுகிறது. ஊட்டத்தூர், காரைப் பகுதிப் பாறைகளில் பாஸ்பேட் உருண்டைகளே உள்ளன; கல்லாக இறுகிய மணிச்சத்து அது. மட்கு எருவும் பசுந்தாளும் அழுகும்போது உண்டாகும் அமிலங்கள் இந்த முடக்கத்தில் ஒரு பகுதியை விடுவிக்கின்றன. மூட்டை உரம் இட்டாலும் இடாவிட்டாலும் நம் மண்ணுக்கு மட்கு தேவை என்பதற்கு இது தனிக் காரணம்.

அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போடுவதும், சணப்பையையும் கொளுஞ்சியையும் மடக்கி உழுவதும், துவரையை ஊடுபயிராக்குவதும் இப்பக்கத்தவர் அறிந்தவை. படைப்புழுவுக்கும் கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, வரப்பில் தட்டைப்பயறு, எள் என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. உயிராற்றல் வேளாண்மையிலிருந்து இவையெல்லாம் நமக்குப் பொருந்தும் பகுதி. இவற்றுக்குக் கொம்பும் இராசியும் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா? இலங்கை 2021 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. அவ்வளவு மட்கு நாட்டில் இல்லை. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நவம்பருக்குள் தடையை விலக்க நேர்ந்தது. மூன்று லாரி எருக் கணக்கை நினைவுகூருங்கள். இரண்டு ஏக்கரும் ஒரு பசுவும் கடனும் உள்ள குடும்பம் முதல் இரண்டு ஆண்டுகளின் 29 விழுக்காட்டைத் தானே சுமக்க வேண்டுமென்றால், மாறச் சொல்பவர் அதற்கும் வழி சொல்ல வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளித் தோட்டத்தில் முள்ளங்கியைக் கொண்டு பஞ்சாங்கத்தைச் சோதிக்கலாம். ஒரே பொட்டலத்து விதை; ஒரே அளவுப் பாத்தி; பாத்திக்கு நாற்பது விதை; ஒரே அளவு நீர். ஒரு பாத்தியைக் கீழ்நோக்கு நாளிலும் மற்றொன்றை மேல்நோக்கு நாளிலும் விதையுங்கள். விதைத்த 45 ஆம் நாள் பிடுங்கி எடை போடுங்கள். ஒரு முறை செய்தால் போதாது. இரண்டு நாள்களுக்கிடையே மழை பெய்திருந்தாலே முடிவு மாறிவிடும். எனவே குறைந்தது ஆறு இணைகளாவது வேண்டும். சிலவற்றில் மேல்நோக்கு நாள் முந்தியும், சிலவற்றில் பிந்தியும் வருமாறு அமையுங்கள். எந்தப் பாத்தி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். எடை போடும் மாணவருக்கு அது எந்த நாள் பாத்தி என்று தெரியக் கூடாது. எண் மட்டுமே தெரியலாம்.

உழவர் வீட்டுப் பிள்ளையானால் இதைவிடப் பெரிய சோதனை ஒன்றுண்டு. அப்பாவிடம் பத்து சென்ட் கேளுங்கள். பாதியில் மக்காச்சோளத்துக்கு முன் உளுந்து. மறுபாதியில் வழக்கம் போல. மூன்று ஆண்டுகள் விளைச்சலையும் செலவையும் நோட்டில் எழுதுங்கள். தொடங்குமுன் மண்ணைச் சோதித்துவிட வேண்டும். விதைப்பு ஆடியில் என்றால் ஆனியிலேயே எடுங்கள். எரு கொட்டிய இடம், வரப்போரம், மரநிழல் ஆகியவற்றை விட்டுவிட்டு, பத்து இடங்களில் 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலக்குங்கள். பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரை கிலோவாக்கி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு துணிப்பையில் இட்டு, பெயரும் சர்வே எண்ணும் முன்பயிரும் எழுதி, பெரம்பலூர் மாவட்டத்தினர் வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், அரியலூர் மாவட்டத்தினர் சோழமாதேவி நிலையத்திலும் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.